ஈசிஜி எடுத்தால் போதாது, வாசிக்கவும் ஒருவர் வேண்டும்

மாகாணச் சுகாதாரத் துறைக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். வன்னியின் கிராமப்புற வைத்தியசாலைகளில் ஆளணி எப்படியிருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் எழுத வந்தது ஒரு துண்டுத் தாளைப் பற்றி.

போன காலபோக விதைப்பு முடிந்த கையோடு, ஓரிரவு பத்து மணிபோலப் பெரியப்பாவுக்கு மேல்வயிறு நொந்தது. இரண்டு தரம் சத்தி எடுத்தார். சேர்ட் ஊறுமளவுக்கு வியர்வை. பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவர். ஓட்டோவில் ஏற்றிப் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கடமையில் இருந்த நேர்ஸ் பிள்ளை உடனேயே ஈசிஜி, அதாவது இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாகப் பதியும் சோதனை, எடுத்தார். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எடுத்த தாளை வாசிக்க அந்த இரவில் அங்கு யாரும் இல்லை. வைத்தியருக்கு எடுத்த அழைப்பு கிடைக்கவில்லை. “வாய்வாக இருக்கும், காலையில் டொக்டர் பார்ப்பார்” என்று வயிற்றெரிவு மருந்தைக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

விடியும்வரை அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. ரோஸ் நிறக் கட்டங்கள், அதன்மேல் கறுப்புக் கோடு. அவர் முனகும்போதெல்லாம் விரித்துப் பார்ப்பேன், பிறகு மடித்துப் பொக்கற்றில் வைப்பேன். பெரியம்மா “அதில் என்ன தம்பி எழுதியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா. காலை ஏழரைக்கு வந்த வைத்தியர் அதை வாங்கிப் பார்த்த கையோடு அம்புலன்சுக்குச் சொன்னார். இருதயத்தின் அடிப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அதற்குள் ஒன்பது மணித்தியாலம் போய்விட்டது. பெரியப்பா பிழைத்தார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இப்போது வரம்பில் கொஞ்சத்தூரம் நடந்தாலே மூச்சு வாங்கி இருந்துவிடுகிறார்.

அப்புறம் நான் அந்தத் தாளை வாசிக்கப் பழகினேன். தாதியர் பயிற்சியில் இருக்கும் மச்சாள் சொல்லித் தந்தார். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவன். எனக்கே நாலு பின்னேரம் போதுமாக இருந்தது. தாள் வழமையாக ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடுகிறது. ஆகவே சின்னக் கட்டம் 0.04 செக்கன், ஐந்து சின்னக் கட்டம் கொண்ட பெரிய கட்டம் 0.2 செக்கன். துடிப்பு ஒழுங்காக இருந்தால், இரண்டு கூர்களுக்கு இடையில் உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300ஐ அதால் வகுக்க, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வரும். முதல் வரும் சின்ன மேடு, பி அலை, மேலறைகளில் மின் பரவுவது. அடுத்த கூர், கியூஆர்எஸ், கீழறைகளில் பரவுவது. அது மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். பிறகு வரும் ரி அலை கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது. கூருக்கும் ரி அலைக்கும் நடுவில் உள்ள எஸ்ரி துண்டு அடிக்கோட்டோடு சமமாகப் போக வேண்டும். பெரியப்பாவின் தாளில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்று குறித்த மூன்று இடத்திலும் அது எழும்பி நின்றது. அந்த மூன்றும் இருதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பவை. அங்கே அடைத்தால் நோ மேல்வயிற்றில் வரலாம், சத்தியும் வரலாம். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ வராமலே போகலாம்.

எல்லா நேர்சும் இருதய நிபுணராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எஸ்ரி எழும்பியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு இரவும் ஒருவர் வேண்டும். முதல் தாள் சரியாகத் தெரிந்தாலும், நோ நிற்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். நோயாளி வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை வாசித்தும் முடிக்க வேண்டும் என்ற வழிகாட்டல் உங்களுக்குத் தெரியாததல்ல. குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் மணித்தியாலங்களில் செய்வதைப் பிறகு செய்யாது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் ஏன் இந்த நிலை?

2009இல் மருந்தும் மின்சாரமும் இல்லாமல், ஷெல்லுக்கு நடுவே வைத்தியம் பார்த்த மண் இது. அதன்பிறகு கட்டடங்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன, வாசலில் கல்வெட்டுகளும் வந்தன. இயந்திரம் தருகிற தாளை வாசிக்கப் பழக்குவதற்கு மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வயல் செய்து சாப்பிடுகிற சனத்தின் இரவுக்கு அவ்வளவுதான் பெறுமதியா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். இரவுக் கடமை செய்யும் தாதியருக்கு ஈசிஜி அடிப்படைப் பயிற்சி கொடுங்கள். சந்தேகமான தாளைப் படம் பிடித்து அனுப்ப, பெரிய வைத்தியசாலையில் இரவிலும் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கத்தை ஒதுக்கி, அதை ஈசிஜி இயந்திரத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

பெரியப்பாவின் தாள் என்னிடம்தான் இருக்கிறது. சூட்டில் பதிகிற தாள், கோடு மங்கிக்கொண்டு வருகிறது. படமும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் கூப்பிடும் நாளில் இரண்டையும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு விவசாயியின் பெறாமகன்