எல்லையோர வான்நோக்கு நிலையம்: கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

குப்பத்துக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் மாந்தோப்பை ஒட்டி நிற்கும் எங்கள் சிறிய வான்நோக்கு நிலையத்தில் இந்தப் பருவத்துப் படப்பிடிப்பு முடிந்தது. ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ நட்சத்திரக் கொத்து, கரீனா நெபுலா என்ற வாயு மேகம், சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி மூன்றின் படங்களும் அச்சாகி வந்திருக்கின்றன. படத்தைப் பார்க்கிறவர்கள் கேமரா என்ன, தொலைநோக்கி என்ன என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரு நட்சத்திரம் ஓரம் வரை உருண்டையாக விழுந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணமானவர்களில் பலர் கேமராவைத் தொட்டவர்களே இல்லை. யார் எந்தக் குறையைத் தடுத்தார்கள் என்பதைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி கல்குவாரி அண்ணன்மார்களுக்கு. இந்தப் பக்கம் மண் ஆழமில்லை. இரண்டு அடிக்குள் பாறை தட்டும். வழக்கமாகத் தொலைநோக்கியைத் தாங்கும் நிலைத்தூணுக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்புவார்கள். பாறை கிடைத்தபின் அந்தக் கனம் தேவையில்லை, பாறையே அஸ்திவாரம். கம்ப்ரசர் வண்டியைக் கொண்டுவந்து 20 மி.மீ. அகலத்தில், ஒரு அடி ஆழத்தில் நான்கு துளை போட்டார்கள். 16 மி.மீ. கம்பியை இறக்குமுன் ஒவ்வொரு துளையையும் காற்றடித்துத் தூசி பறக்கச் சுத்தம் செய்தார்கள். இதை விட்டால் ஒட்டுக் கலவை பாறையைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும், கம்பி மெல்ல ஆட ஆரம்பிக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் 5 மைக்ரான் நகர்ந்தாலே வானத்தில் அது ஒரு ஆர்க் விநாடிப் பிழை (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). எங்கள் 400 மி.மீ. குவியத் தொலைவுக்கும் 3.76 மைக்ரான் பிக்சலுக்கும் ஒரு பிக்சல் 1.94 ஆர்க் விநாடி என்று கணக்கு வருகிறது. தூண் 10 மைக்ரான் சாய்ந்தால் ஒரு பிக்சல் போய்விட்டது.

மேஸ்திரிக்கும் சித்தாள் அக்காக்களுக்கும் அடுத்த நன்றி. ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற கலவையில் தூணை இடைவெளி விடாமல் ஒரே நாளில் வார்த்தார்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் சேர்மானத்தில் பலம் இருக்காது. ஈரச் சாக்கு சுற்றி மூன்று வாரம் தண்ணீர் காட்டினார்கள். 28 நாள் ஆகும் வரை மேலே எடை ஏற்ற விடவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், தூணைச் சுற்றி ஒரு அங்குல தெர்மாகோல் வைத்து அதன் பிறகே தரை போட்டது. தரையும் தூணும் எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் அறைக்குள் ஒருவர் நடக்கும் ஒவ்வொரு அடியும் மூன்று நிமிட எக்ஸ்போஷரில் பதிவாகும். கடைசியில் அந்த இடைவெளியில் சிமென்ட் பால் ஒழுகி இறுகியிருந்ததை ஆக்சா பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுத்த மேஸ்திரியின் பொறுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கூரையையும் சுவரையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறோம். இந்தப் பக்கம் யாராவது நிலையம் கட்ட நினைத்தால் உதவும். தள்ளும் கூரைக்குக் கிடைக்கிற வரைபடங்கள் பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் போட்டவை. அவற்றில் கூரை வடக்கே தள்ளப்படும். கருவியைத் துருவத்துக்கு நேராக்கத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும்; அங்கே அது பாதி வானத்தில் நிற்பதால் தொந்தரவில்லை. நமக்கு 12.7 டிகிரி. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அவ்வளவுதான் எழும்பி நிற்கும். கருவி ஐந்தடி உயரத்திலும் சுவர் ஐந்தடி தள்ளியும் இருந்தால், பார்வைக் கோடு சுவரைக் கடக்கும் உயரம் ஏறக்குறைய 6.1 அடி. வழக்கமான ஏழடிச் சுவர் எழுப்பினால் துருவம் சுவருக்குப் பின்னால் போய்விடும். தெற்கையும் மூட முடியாது. கரீனா நெபுலா உச்சிக்கு வரும்போதே 17.5 டிகிரி உயரம்தான். ஆகவே சுவர் நான்கு பக்கமும் ஐந்தடி, கூரை மேற்கே. மேற்கில்தான் பெங்களூரின் வெளிச்சம் மேகத்தில் ஏறி நிற்கிறது என்பதால், திறந்த கூரை அதற்கு ஒரு மறைப்பாகவும் ஆயிற்று.

அந்தக் கூரையைச் செய்துகொடுத்த வெல்டிங் பட்டறை அண்ணனுக்குக் கணக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு தண்டவாளத்திலும் பள்ளம் வெட்டிய கேட் வீல் போட வேண்டாம் என்றார். ஒரு பக்கம் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கிள் மேல் பள்ளச் சக்கரம், மறுபக்கம் தட்டைப் பட்டை மேல் தட்டைச் சக்கரம். சித்திரை வெயிலில் இரும்பு நீளும், தூண்கள் சிறிது சாயும். இரண்டு பக்கமும் பள்ளம் இருந்தால் கூரை நடுவழியில் இறுகிக்கொள்ளும். கவிழ்த்த ஆங்கிளில் மாவிலையும் மழைநீரும் தங்குவதில்லை. ஆடிக் காற்றுக்கு நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் கொக்கி) வைத்து இழுத்துக் கட்டியிருக்கிறார். தொலைநோக்கி படுத்த நிலைக்கு வராமல் கூரை மோட்டார் ஓடாதபடி லிமிட் சுவிட்ச் வைத்ததும் அவர் யோசனையே.

தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட் அடியில் இருக்கும் இரும்புக் கழுத்தும் அதே பட்டறை வேலைதான். தாழ்ந்த அட்சரேகையில் மவுண்டின் துருவ அச்சு ஏறக்குறைய படுத்துவிடும், எதிர் எடைத் தண்டு கீழே சுற்றி வரும்போது தூணில் இடிக்கும். அதனால் 10 அங்குலக் கான்கிரீட் தூணுக்கு மேல் 6 அங்குல இரும்புக் குழாயை ஒரு அடி உயரத்துக்கு நிறுத்தி, 12 மி.மீ. தகடு பற்றவைத்தார். வாங்குமுன் மவுண்டின் அட்சரேகை அளவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்காத மவுண்டுகளும் விற்பனையில் உண்டு. இன்னொன்று, இவ்வளவு தாழ்வில் காற்று மண்டலம் ஒளியை வளைத்துத் துருவத்தை ஏறக்குறைய 4 ஆர்க் நிமிடம் தூக்கிக் காட்டும். மவுண்டைத் துருவத்துக்கு நேராக்கும் போலார் அலைன்மென்ட் மென்பொருளில் வளிமண்டலத் திருத்தம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

லைன்மேன் தம்பிக்கு நன்றி. ராத்திரி பாசன மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும், மவுண்ட் தன் இடத்தை மறக்கும். எர்த் குழியைப் புதிதாக எடுத்து, கருவிகளை எல்லாம் 12 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு மாற்றச் சொன்னார். மவுண்ட், கேமரா குளிரூட்டி, மினி கணினி, பனி ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 64 ஆம்பியர் மணி, 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு இது தாராளம். ஒயரில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் போக வர 1.4 வோல்ட் அதிலேயே கரையும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். கோடை இடி மழைக்கு முன் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடச் சொன்னதும் அவர்தான்.

சர்பஞ்ச் ஐயாவுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தெருவிளக்கை அணைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அது நியாயமும் இல்லை. பாம்பு நடமாடும் ஊர். வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் கேட்டோம். பழைய சோடியம் விளக்கின் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரை (மஞ்சள் நிறத்தை) ஒட்டி நிற்கும், பில்டர் வைத்து அதைப் பெருமளவு தள்ளிவிடலாம். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது, அதன் நீலம் காற்றில் கூடுதலாகச் சிதறுகிறது. 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் பில்டரில் நெபுலா தப்பிக்கும். கேலக்ஸிக்கும் கோளக் கொத்துக்கும் அந்த வழியில்லை. நிலையத்தைப் பார்த்த விளக்குகளுக்கு மஞ்சள் சாயல் பல்பும் தகரக் குல்லாவும் போட்டுத் தந்தார்கள். தெருவில் வெளிச்சம் குறையவில்லை, கண் கூச்சம்தான் குறைந்தது என்று ஊரிலேயே சொல்கிறார்கள். கல் அறுக்கும் யார்டுக்காரர்கள் போகஸ் விளக்குகளைக் கீழே திருப்பினார்கள். கங்கம்மா ஜாத்திரை நாட்களில் நாங்களே கூரையைத் திறப்பதில்லை. அது ஊருக்கான வெளிச்சம்.

இதே வானத்தை நம்பித்தான் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானம் நன்றாக ஏறி வரும் என்பது அங்கும் பெரிய லாபம். இந்த வட்டாரத்தில் ஒரு விளக்குக்குக் குல்லா போட்டாலும் அந்த வானத்துக்கும் சேர்த்துச் செய்த உதவிதான்.

ஸ்டிக்கர் கடைத் தம்பி 3 மி.மீ. அக்ரிலிக்கில் பாக்தினோவ் முகமூடி வெட்டிக் கொடுத்தார். தொலைநோக்கி முன் மாட்டினால் நட்சத்திரத்தை மூன்று கோடாகக் காட்டும் வரித் தகடு அது. குவியம் சரியாக இருந்தால் நடுக்கோடு மற்ற இரண்டின் நடுவில் நிற்கும். இரவில் இரண்டு டிகிரி குளிர்ந்தாலே குழாய் சுருங்கிக் குவியம் நகர்வதால் இது அடிக்கடி தேவை. பிளாட் எனப்படும் சீரான வெளிச்சத் திருத்தப் படம் எடுக்கப் பால் வெள்ளை அக்ரிலிக்கும் அவரே தந்தார். அது இல்லையென்றால் சென்சார் முன் உள்ள ஒவ்வொரு தூசியும் படத்தில் வளையமாக நிற்கும்.

நிலையத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. குளவி, காற்றுத் துளையில் மண்கூடு கட்டத் தொடங்கிய அன்றே பார்த்து, எல்லாத் துளைக்கும் கம்பி வலை வைக்கச் சொன்னார். சூடான மின்பெட்டிக்குள் செவ்வெறும்பு குடியேறும் என்பதால் ஒயர் நுழையும் வழியை அடைத்தார். சிலிக்கா ஜெல் நீலம் மங்கி இளஞ்சிவப்பானதும் பழைய வாணலியில் இட்டு, மறுபடி நீலமாகும் வரை சிறு தீயில் புரட்டி, ஆறவைத்து டப்பாவில் அடைக்கிறார். லென்ஸில் பூஞ்சை வராமல் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

மோட்டார் கொட்டகை விளக்கைத் திருப்பிப் போட்ட பெரியவருக்கும், பாதை விட்ட தோப்புக்காரருக்கும் எங்கள் வணக்கம்.

படங்கள் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மாட்டப்படும். மழைக்காலம் முடிந்து மார்கழியில் கூரை திறந்ததும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறோம், குடும்பத்தோடு வாருங்கள். அப்போது ஓரியன் நெபுலா நள்ளிரவை ஒட்டி உச்சியில் இருக்கும். ஒமேகா சென்டாரி பார்க்க விரும்புகிறவர்கள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரலாம். டார்ச் கொண்டுவந்தால் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் இரண்டு மடிப்பாகக் கட்டி வாருங்கள், வண்டியைத் தோப்பு முனையிலேயே நிறுத்திவிடுங்கள்.