மர உச்சியைப் பார்: கொடைக்கானல் புறப்படும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா எழுதுவது. அடுத்த வாரம் நீ கொடைக்கானல் சென்று அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் முதன்முறையாக விளையாடப் போவதாக உன் அம்மா நேற்றுப் புதுச்சேரியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். கேட்டதும் மனம் நிறைந்தது. இரவு படுத்த பிறகுதான், உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று நினைவுக்கு வந்தது. உன்னைப் போலக் கடலோரத்தில் பழகிய மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ பந்தை அடித்துப் பழகியது தேவனாம்பட்டினத்து மணலிலும் சென்னைப் பயிற்சித் திடலிலும். இரண்டும் வெட்டவெளி. கடற்கரையில் காற்று ஒளிந்துகொள்வதில்லை. முகத்தில் அறையும், சட்டையைப் படபடக்க வைக்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற, கடலை ஒட்டிய லிங்க்ஸ் மைதானங்களின் இயல்பும் அதுதான். கொடைக்கானல் வேறு. 1895-இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் அந்த 18 குழி மைதானம், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மேடும் பள்ளமுமான மலைச்சரிவில், மரங்களுக்கு நடுவே கிடக்கிறது. பார்க்லேண்ட் என்று சொல்கிறார்களே, அந்த வகையின் அழகும் கடினமும் மரங்களிலிருந்தே வருகின்றன.

நான் அங்கே முதன்முறை ஆடியபோது, கிரீன், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை, கீழே தாழ்வாக இருந்த ஒரு பார் 3 குழியில் (மூன்று முறை அடித்து முடிக்க வேண்டியது) நின்றுகொண்டிருந்தேன். புல்லைக் கிள்ளி விரலிடுக்கிலிருந்து விட்டேன். அது நேராக என் காலணி மேல் விழுந்தது. காற்றே இல்லை என்று முடிவு செய்து அடித்தேன். பந்து நன்றாகத்தான் எழும்பியது. மரங்களின் தலையைத் தாண்டியதும், யாரோ நூலைப் பிடித்து இழுத்தது போல வானத்திலேயே தயங்கி, வலப்பக்கம் சாய்ந்து, கிரீனுக்கு முன்னால் இருந்த புதரில் இறங்கியது. மட்டைகளைச் சுமந்து உடன் வந்த கேடி (caddie) அண்ணன் ஒன்றும் குறை சொல்லவில்லை. "மேல பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிக் கையைக் காட்டினார். தைல மரங்களின் அடிக்கிளைகள் அசையாமல் நிற்க, உச்சியில் இலைகள் எல்லாம் வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டியபடி ஒரே பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தன. நான் நின்ற இடத்துக் காற்று வேறு, பந்து பறக்கும் உயரத்துக் காற்று வேறு. உன்னிடம் சொல்ல நினைத்தது இதைத்தான்.

இது உன்னையும் என்னையும் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்துப் பன்னிரண்டாம் குழி 155 யார்டு நீளம்தான். ஆனால் உயர்ந்த மரங்களுக்கு நடுவே காற்று சுழன்று திசை மாறுவதற்குப் பேர்போன இடம். 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில், ஒன்பது குழிகள் முடிந்தபோது ஐந்து அடி (ஸ்ட்ரோக்) முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், அந்தக் குழியில் இரண்டு முறை பந்தை ஓடை நீரில் விட்டு, மூன்றில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். அதற்குக் காற்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மரங்கள் சூழ்ந்த இடத்தில் குட்டைக் குழியும் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரையும் சாய்த்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்து மரத்தடிக்குள் போய்விட்டால், கிளைகளுக்கு மேலே தூக்கி அடிக்கும் ஆசையை விட்டுவிடு. பண்ருட்டிப் பக்கம் நம் முந்திரித் தோப்பு உனக்கு நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துவிட்டுப் போவதற்கு முன், அந்தத் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நீ குனிந்து குனிந்து ஓடுவாய். பந்தும் அப்படித்தான் வெளியே வர வேண்டும். ஆறாம் எண் அயர்னை, அந்த இரும்புத் தலை மட்டையை, எடு. பந்தைப் பின்காலின் பக்கம் வைத்துக்கொள். கைகள் பந்துக்கு முன்னால் இருக்கட்டும். மட்டையைப் பாதி தூரம் மட்டும் பின்னே கொண்டுபோய், அடித்த பின்னும் தாழ்வாகவே நிறுத்து. பக்கவாட்டில் ஃபேர்வேக்கு, அதாவது புல் வெட்டிய நடுப்பாதைக்கு, வந்து சேர்ந்தாலே போதும். ஓர் அடியைத்தான் இழப்பாய்.

பந்தைத் தேட இப்போது மூன்றே நிமிடம்தான். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. எனவே அடர்த்தியான பக்கம் போன பந்துக்கு, தேடப் போகும் முன்பே, ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டுப் போ. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து கடலூரில் போவதைவிடத் தூரமாகப் போகும். முதல் சில குழிகளில் அந்தக் கணக்கைப் பழகிக்கொள். சரிவில் பந்து உன் பாதத்தைவிட மேலே கிடந்தால், வலக்கைக்காரனான உனக்கு அது இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் குறி வை.

ஃபேர்வேயில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்கலாம். அவசரப்படாதே, அருகே போகாதே. அது நகரும் வரை நின்று, பனி விலகி எதிர்மலை தெரிவதைப் பார். எனக்கு அந்த மைதானத்தில் மிகவும் பிடித்த நேரம் அப்படிக் காத்திருந்த பத்து நிமிடங்கள்தான்.

என் பழைய ஆறாம் எண் அயர்னை, பிடியின் ரப்பரைப் புதிதாக மாற்றி, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பி வந்ததும் மதிய சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடு. ஒவ்வொரு குழியாக நீ சொல்ல, நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா