52-ஆவது பெயருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

லூதியானாவிலும் ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு கூடைப்பந்து ரசிகன், அவ்வளவுதான். சத்னம் சிங் பமாராவுக்கு உறவும் இல்லை, ஊர்க்காரனும் இல்லை. அவர் சார்பில் நன்றி சொல்ல உனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் 2015 ஜூன் 25 அன்று புரூக்ளினில் நடந்த என்பிஏ டிராஃப்டில், அதாவது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக அவரை எடுத்தபோது, இந்த நாட்டில் வெயிலில் சிமென்ட் கோர்ட்டில் பந்தைத் தட்டிய எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. என் பங்குக்கான நன்றி இது.

இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. “மொத்தம் 60 பேர், அதில் 52-ஆவது ஆள், அதற்கா இவ்வளவு?” என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நம் ஊரில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. இங்கே நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ ஓஎன்ஜிசியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை, பல குடும்பங்களைக் கரையேற்றிய வழி அது. ஆனால் ஆட்டமே தொழில் என்று வாழ வழி இருந்ததில்லை. இல்லாத அந்த வழியை ஒரு பையனுக்காக நீங்கள் சேர்ந்து போட்டுக் கொடுத்தீர்கள்.

முதலில் பல்பீர் சிங் ஐயாவுக்கு. பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னக் கிராமத்தில் விவசாயி நீங்கள். உங்கள் உயரமும் ஏழடிக்கு மேல். இளவயதில் உங்களுக்கும் பேஸ்கட்பால் ஆசை இருந்தது, நிலத்தை யார் பார்ப்பது என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்கள் இரண்டு விதமாகப் போவார்கள். நானே விட்டுக்கொடுத்தேன், நீயும் விட்டுக்கொடு என்பது ஒரு விதம். நீங்கள் அடுத்த விதம். பையன் கிடுகிடுவென்று வளர்வதைப் பார்த்த நண்பர் ஒருவர், இவனைப் பேஸ்கட்பாலில் விடுங்கள் என்று சொன்னதும் விட்டீர்கள். லூதியானா அகாடமியில் தங்கிப் படிக்க அனுப்பினீர்கள். வயலில் ஓர் ஆள் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த நண்பருக்கும் சேர்த்து என் நன்றி.

அடுத்தது குரு நானக் ஸ்டேடியத்தில் இருக்கும் லூதியானா கூடைப்பந்து அகாடமிக்கு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உயரமான பையன் கிடைத்தால், அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, “கையைத் தூக்கிக்கிட்டு நில்லு” என்பதுதான் பல இடங்களில் பயிற்சி. பள்ளி அளவில் அதுவே ஜெயிக்கப் போதும். பயிற்சியாளருக்குக் கோப்பை கிடைக்கும், பையனுக்கு ஒன்றும் தங்காது. எதிரில் அதே உயரத்தில் ஒருவன் வந்து நிற்கும் அன்று எல்லாம் தெரிந்துவிடும். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்து வாங்குவது, ஒரு காலை ஊன்றித் திரும்புவது, இரண்டு கையாலும் போடுவது, ஓடிப்போய்த் திரும்பி ஓடிவர மூச்சு பிடிப்பது என்று உயரத்துக்கு மேல் கற்க வேண்டியது மலையளவு. வேகமாக வளரும் உடம்பில் இதையெல்லாம் ஏற்றப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்குப் பெயர் அகாடமியின் பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது, மறைப்பானேன். சுப்பிரமணியன் சார்! அம்ஜியோத் சிங், அம்ரித்பால் சிங், பல்பிரீத் சிங் பிரார் போன்ற வீரர்கள் எல்லாரும் அந்த அகாடமியில் தேறியவர்கள்தான். நீங்கள் 2013-இல் காலமானீர்கள். டிராஃப்ட் நடந்தது இரண்டு வருடம் கழித்து. இந்தக் கடிதத்தில் எனக்குத் தாங்காத இடம் இதுதான். உங்களோடு சேர்ந்து அகாடமியைத் தாங்கிய பஞ்சாப் கூடைப்பந்துச் சங்கத்தின் தேஜா சிங் தாலிவாலுக்கும் நன்றி.

2010-இல் இந்தியாவில் என்பிஏ வேலைகளைப் பார்க்க வந்து, இந்தப் பையனைக் கவனித்து, நாலு பேரிடம் சொன்ன ட்ராய் ஜஸ்டிஸுக்கு நன்றி. அதே வருடம் உதவித்தொகை கொடுத்து சத்னமை ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் உள்ள ஐஎம்ஜி அகாடமி என்ற விளையாட்டுப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிய ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்துக்கும். 14 வயது, பஞ்சாபி பேசும் பையன், ஆங்கிலம் தெரியாது. ஆட்டத்தைச் சைகையிலேயே கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பாடத்தை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவருக்கு உட்கார்ந்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்களே, உங்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் பெரிதாக வரவில்லை. கல்லூரி அணியில் சேரும் படிப்புத் தகுதி அவருக்கு அமையாமல் போனது உண்மைதான். அதனால் உங்கள் உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு தரப்புக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. என்பிஏவில் கொடிகட்டிய சீன வீரரோடு ஒப்பிட்டு ‘இந்தியாவின் யாவ் மிங்’ என்று தலைப்புப் போட்டவர்களே, மன்னிக்கவும். 19 வயதுப் பையன் தலையில் கோடிக்கணக்கான பேரின் கனவை ஏற்றிவிட்டு, அப்புறம் ஏன் ஓடவில்லை என்று கேட்டது நீங்கள்தான்.

டல்லாஸ்காரர்களுக்கு நன்றி. இரண்டாம் சுற்றில், அதாவது முதல் 30 பேருக்குப் பிறகு, எடுத்த ஆளுக்கு ஒப்பந்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்களும் கொடுக்கவில்லை. ஆனால் இளம் வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைக்காலப் போட்டியான சம்மர் லீகில் ஆடவிட்டீர்கள், உங்கள் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் வைத்துப் பார்த்தீர்கள். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2020-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு வருடத் தடை. அதற்கப்புறம் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம். நன்றி மடலில் இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? இதை மறைத்துவிட்டு நன்றி சொன்னால், வெற்றிக்கு மட்டும் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் சொல்வது நீங்கள் செய்த வேலைக்கு.

அந்த வேலை அவரோடு நிற்கவும் இல்லை. 2017-இல் அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார், அம்ஜியோத் அமெரிக்காவில் என்பிஏவுக்கு அடுத்த நிலை லீக்கின் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில் ஆடினார். டெல்லி பக்கத்தில் என்பிஏ அகாடமி வந்ததும் அந்த வருடம்தான். அங்கே பயின்ற பிரின்ஸ்பால் சிங், 2021-இல் சம்மர் லீக் பட்டம் வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார். இவர்களுக்கெல்லாம் “இந்தியாவிலிருந்தா?” என்ற கேள்வி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் லூதியானாவில் காலையிலும் மாலையிலும் விசிலோடு நிற்கும் பயிற்சியாளர்களே, உங்களுக்கும் வணக்கம் சொல்லி முடிக்கிறேன். அடுத்த பையனின் காலுக்கு ஏற்ற அளவில் நம் கடைகளில் ஷூ கிடைக்கவில்லை என்றால் ஊரைக் கேளுங்கள். வாங்கித்தர ஆள் இருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகன்