ஆத்தா கன்னத்தருகே ஒரு வெள்ளைத் தாள்

பள்ளத்தூர் அண்ணன்மார், அக்காமார், ஆச்சிமார் எல்லோருக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

நேற்று ஆத்தா யார் கையையும் பிடிக்காமல் முகப்பு வரை நடந்து வந்தார்கள். இங்குள்ள தண்ணீர்மலை முருகன் காத்தான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதக் கை வரவில்லை. இராத்திரியில் வண்டி எடுத்து வந்தவர்கள், இரத்தம் கொடுத்த பிள்ளைகள், காரைக்குடிக்கும் ஊருக்குமாக மாறிமாறி அலைந்தவர்கள், கஞ்சி கொண்டுவந்த பங்காளி வீட்டு ஆச்சிமார், ஒருவரையும் மறக்க மாட்டேன்.

இந்த மடல் முக்கியமாக எதிர்வீட்டுத் தம்பிக்கு. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற பிள்ளை. யாரும் கேட்காமலே தினமும் காலை 9 மணிக்கு, இங்கே 11.30, ஆத்தாவைப் படமெடுத்து அனுப்பினான். ஒவ்வொரு படத்திலும் ஆத்தாவின் கன்னத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் தாள்.

அந்தத் தாளின் அருமை என்னைப்போல் முகம் வரைகிறவர்களுக்குத் தெரியும். செல்போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும். ட்யூப்லைட்டில் பச்சை ஏறும், சாயங்கால வெயிலில் மஞ்சள் ஏறும். தேறிவரும் முகம் சோகை பிடித்ததுபோலவும், வெளுத்த முகம் தெளிவாகவும் தெரியும். பக்கத்தில் தாள் இருந்தால், அதில் எந்த நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கன்னத்திலிருந்தும் கழித்துக்கொள்ளலாம். தினமும் அதே தாளாக இருக்கவேண்டும். அவனும் மாற்றவே இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு உதவட்டும் என்று அவன் செய்ததை எழுதுகிறேன். வளவுப் பத்தியில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, வானம் தெரியும் பக்கம் பார்த்து நாற்காலி. நேர்வெயில் முகத்தில் படக் கூடாது, கண் சுருங்கிவிடும். காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தான். இது எனக்கே தோன்றியிருக்காது! ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் சிவப்பு தாடைக்கு அடியில் எதிரொளித்தால் கழுத்து காய்ச்சல் கண்டதுபோல் தெரியும். செல்போன் ஆத்தாவின் கண் உயரத்தில், 6 அடி தள்ளி, இரண்டு மடங்கு ஜூம். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்து, கன்னம் ஒட்டிப்போனதுபோல் இருக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்கு வீண் பயம். ஃபிளாஷ் கூடாது. பியூட்டி மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள், கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை அது அழித்துவிடும்; நமக்குப் பார்க்கவேண்டியதே அதுதான். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

பார்க்கவேண்டிய இடங்கள் கீழிமை, காது மடல், உதட்டின் உட்பக்கம். முதல் வாரம் ஆத்தாவின் உதடும் கன்னமும் ஒரே நிறம். அதை வரைய பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பும் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையும் போதும். 12ஆம் நாள் படத்தை வைத்து உதட்டுக்கு நிறம் கலக்கும்போது அந்தக் கலவை ஒத்துவரவில்லை. காட்மியம் ரெட் ஒரு பொட்டு சேர்த்த பிறகுதான் சரியாக வந்தது. டாக்டர் போனில் சொன்ன எதையும்விட அந்த ஒரு பொட்டில்தான் மனசு அடங்கியது.

தைப் பொங்கலுக்கு வருகிறேன். நம் தெருவில் எண்பது தாண்டிய ஆச்சிமார் யார் உட்கார்ந்தாலும் காசு வாங்காமல் வரைந்து தருவேன். தாள் பிடிக்க நீதான் வரவேண்டும், தம்பி.