தகரப்பெட்டிப் பத்திரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டைப் பங்கு பிரிப்பதற்காகப் போன மாதம் இரண்டாம் கட்டு அறையைத் திறந்தோம். ஒரு தகரப்பெட்டி நிறைய பர்மா நில அடமானப் பத்திரங்கள், ஓலைகள், வட்டிக் கணக்கு ஏடுகள். ஐயாவின் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. 'எடைக்குப் போட்டுவிடலாம்' என்றார் ஒரு பங்காளி. எனக்கு மனசு கேட்கவில்லை.

இப்படிப்பட்ட காகிதங்களை ஸ்காட்லாந்தில் எப்படிக் காக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே அந்தக் காலத்தில் நிலம் கைமாறும்போது அந்த நிலத்திலேயே நின்று ஒரு பிடி மண்ணையும் கல்லையும் கையில் கொடுப்பார்களாம். அதை எழுதி வைக்க 1617-லேயே சட்டப்படி பதிவேடு வந்துவிட்டது. அப்புறம், பெரிய குடும்பங்கள் பலவும் தங்கள் பத்திரங்களையும் குத்தகை ஏடுகளையும் எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்திருக்கின்றன. நிலம் வைத்திருந்தவர் மட்டுமல்ல, குத்தகைக்கு உழுதவரின் பேரனும் அதில் தன் தாத்தா பெயரைத் தேடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். எங்கள் ஏடுகளிலும் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் பெயர்கள் இருக்கின்றன.

காரைக்குடியில் அரசு ஒரு ஆவண மையம் திறக்க வேண்டும். காகிதங்களைப் படமெடுத்துக்கொண்டு, மூலத்தைக் குடும்பத்திடமே திருப்பித் தரட்டும். தயங்குகிறவர்களும் அப்போது வருவார்கள். எங்கள் பெட்டியை நானே தூக்கி வருகிறேன்.

– ஒரு வாசகி, பள்ளத்தூர்