முதலில் பேட்டரியைப் பார், பிறகு டிரில்லைப் பார்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் அலமாரிகளையும் திரைச்சீலைக் கம்பிகளையும் ஆளை வைக்காமல் நீயே மாட்டப் போகிறாய் என்பதும், அதற்காக ஒரு பேட்டரி டிரில் வாங்க எண்ணியிருக்கிறாய் என்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்த டிரில் நல்லது என்று கேட்டிருந்தாய். நான் பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். டிரில்லின் மோட்டாரும் பல்சக்கரங்களும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அதற்கு உயிர் கொடுக்கும் பேட்டரியோ, கவனிப்புத் தவறினால் இரண்டே ஆண்டில் செத்துவிடும். அதுமட்டுமல்ல, பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பேட்டரி அந்த நிறுவனத்தின் கருவிகளில் மட்டுமே பொருந்தும். ஆகவே இன்று டிரில்லோடு நீ வாங்கும் பேட்டரிதான், நாளை நீ வாங்கப்போகும் ரம்பமும் தேய்ப்பு இயந்திரமும் எந்த நிறுவனத்துடையவை என்பதையும் முடிவு செய்துவிடும். அந்தப் பேட்டரி தனியாகவும் விற்கப்படுகிறதா, சில ஆண்டுகள் கழித்தும் கிடைக்குமா என்பதை விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு டிரில்லைக் கையில் எடுத்துப் பார்.

ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும் மற்றொன்றில் 20 வோல்ட் என்றும் இருப்பதைக் கண்டு நீ குழம்பியிருக்கிறாய். இரண்டும் ஒன்றுதான். உள்ளே லித்தியம் அயான் செல்கள் ஐந்து வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் என்பதால் மொத்தம் 18 ஆகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய கணத்தில் ஒவ்வொரு செல்லும் 4 வோல்ட்டைத் தொட்டு நிற்கும் என்பதால், அந்த உச்சத்தை வைத்துக்கொண்டு சிலர் 20 என்று அச்சிட்டுவிடுகிறார்கள். இதேபோல, 12 வோல்ட் என்று விற்கப்படுவதில் மூன்று செல்கள்தான் இருக்கும். அதன் உண்மையான கணக்கு 10.8. விளம்பரத்துக்கு எப்போதும் பெரிய எண்தான் பிடிக்கும்.

வோல்ட்டைவிட நீ உற்றுப் பார்க்க வேண்டியது, பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்று காட்டும் ஆம்பியர் மணி என்ற எண்ணை. 18 வோல்ட்டை 2 ஆம்பியர் மணியால் பெருக்கினால் அதில் அடங்கும் மொத்த ஆற்றல் 36 வாட் மணி. 5 ஆம்பியர் மணியாக இருந்தால் 90 வாட் மணி. பெரிய பேட்டரி நீண்ட நேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே டிரில்லில் அதைப் பொருத்தினால் டிரில் வலுவாகவும் இழுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 5 ஆம்பியர் மணிப் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல்கள், இரண்டிரண்டாகச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்படி இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லும் பாதி மின்னோட்டத்தைத்தான் சுமக்கிறது. அதனால் சூடு குறைகிறது, கடினமான இடத்தில் மின்னழுத்தம் சரிவதும் குறைகிறது. ஆனால் எடை கூடும். தலைக்கு மேலே கையை உயர்த்தி உத்தரத்தில் துளையிடும்போது அந்த எடையின் அருமை தெரியும்! உன் வேலைக்கு 2 ஆம்பியர் மணிப் பேட்டரிகள் இரண்டு இருந்தால் போதும். ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றது வேலை செய்யும்.

மரத்திலும் மெல்லிய தகட்டிலும் மட்டும் வேலை என்றால் 12 வோல்ட் டிரில்லே போதுமானது. கைக்கும் அடக்கமாக இருக்கும். நீ செங்கல் சுவரிலும் துளையிடப் போவதால், சுத்தியல் போல் தட்டித் துளைக்கும் வசதியுள்ள 18 வோல்ட் டிரில்லையே வாங்கு என்பேன். கான்கிரீட் தூணுக்கு அதுவும் போதாது. தட்டும் வசதி இருக்கிறதே என்று அதை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் துளையிடும் முனையான பிட்டும் கெடும், பேட்டரியும் கெடும். அதற்கென்று உள்ள ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள். மோட்டார் பிரஷ்லெஸ் வகையாக இருக்கட்டும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் உராய்வால் ஆற்றல் வீணாவதோடு பிரஷ்ஷும் தேய்ந்துபோகும். பிரஷ் இல்லாததில் அதே பேட்டரி கூடுதல் நேரம் வரும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாயான சக் 13 மில்லிமீட்டர் பிட் வரை பிடிப்பதாக இருந்தால் நல்லது. இறுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வளையத்தைச் சிறிய எண்ணில் தொடங்கித் திருகுகளை இறுக்கிப் பழகு. மரத்துக்குள் திருகின் தலை புதைந்துபோகாமல் அது காப்பாற்றும்.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

நான் முதலில் வைத்திருந்த டிரில்லில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வெளியிட்ட முதல் பேட்டரி டிரில்லிலும் அந்த வகைதான். அதன் ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட் மட்டுமே என்பதால் 18 வோல்ட்டுக்குப் பதினைந்து செல்கள் வேண்டும். செங்கல்லைத் தூக்குவது போல இருக்கும். பாதி இருக்கும்போதே சார்ஜ் செய்துகொண்டிருந்தால் அதன் திறன் குறுகிவிடும், ஆகவே முழுதாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் சார்ஜரில் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் அதை வேதவாக்காகக் கடைப்பிடித்தேன். லித்தியம் அயான் பேட்டரி 1991-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்றாலும் டிரில்களுக்கு அது வந்து சேர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நான் புது டிரில் வாங்கிய பிறகும் பழைய பழக்கத்தை விடவில்லை. டிரில் தானாக நின்ற பிறகும், சற்று நேரம் விட்டு விசையை மறுபடி அழுத்தி, மிச்சமிருந்த துளியையும் பிழிந்தெடுத்துவிட்டு, "நாளைக்குச் சார்ஜ் போடலாம்" என்று பரணில் வைத்தேன். நாளை என்பது நான்கு மாதம் ஆயிற்று. எடுத்துச் சார்ஜரில் வைத்தபோது சிவப்பு விளக்கு மின்னியதே தவிர சார்ஜ் ஏறவில்லை. இப்படி இரண்டு பேட்டரிகளைக் கொன்றிருக்கிறேன். குற்றம் முழுவதும் என்னுடையதே.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்துகொண்டேன். ஐந்து செல்களும் ஒரே அளவில் காலியாவதில்லை. பலவீனமான ஒன்று முந்திக்கொள்ளும். டிரில் தானாக நிற்பது அந்தச் செல்லைக் காப்பாற்றத்தான். மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினால் அது மேலும் கீழே இறங்கும். காலியான நிலையிலேயே கிடக்கும்போது, பேட்டரிக்குள் இருக்கும் காவல் மின்சுற்றே மிச்சத்தையும் மெல்ல உறிஞ்சிவிடும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதை ஏற்க மறுப்பது பிடிவாதம் அல்ல, பாதுகாப்பு. அப்படி மறுக்கப்பட்ட பேட்டரியை வேறொரு பேட்டரியோடு கம்பிகளால் இணைத்து எழுப்பிவிடலாம் என்று உனக்கு யாராவது சொல்லக்கூடும். செய்யாதே. அளவுக்கு மீறிக் காலியான செல்லுக்குள் தாமிரம் கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏறும்போது உள்ளேயே குறுக்குப் பாலம் கட்டிவிட வாய்ப்புண்டு. அது தீயில் முடியலாம்.

ஆகையால் லித்தியம் பேட்டரியைப் பாதியில் சார்ஜ் செய்வதற்கு நீ தயங்கவே வேண்டாம். டிரில்லின் வேகம் தளர்ந்தவுடன் பேட்டரியைக் கழற்றிவிடு. கழற்றியது கையில் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருந்து, பிறகு சார்ஜரில் வை. கடும் வெப்பத்தைப் போலவே உறையும் குளிரும் அதற்கு ஆகாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பியும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே. சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்குகளில் இரண்டு எரியும் அளவில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார். மூடிய காருக்குள் விட்டுப் போவதைப் போன்ற கொடுமை பேட்டரிக்கு வேறில்லை. ஆணிகளும் திருகுகளும் கிடக்கும் பெட்டியில் அதை மூடியில்லாமல் போடாதே. ஒரே ஓர் ஆணி இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் போதும். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜரில் வைக்கவே வைக்காதே. முனைகளின் மேல் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடு. வீட்டுக் குப்பையோடு அது போகக் கூடாது.

இன்னொன்று. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று நொந்துகொள்பவர்களில் பாதிப்பேரின் கையில் மழுங்கிய பிட்தான் இருக்கும். கூர்மையான பிட்டைப் போடு. பெரிய துளைக்கும் நீண்ட திருகுக்கும் மேலே உள்ள பொத்தானை நகர்த்தி முதல் கியரில் ஓட்டு. இரண்டாவது கியரில் மோட்டார் திணறி நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் மின்னோட்டம் எகிறிப் பேட்டரி சூடாகிறது.

அடுத்த முறை விமானத்தில் வரும்போது டிரில்லையும் கொண்டு வா. நம் வீட்டுக் கதவின் கீல்கள் உனக்காகக் காத்திருக்கின்றன. டிரில்லைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடு. கழற்றிய பேட்டரிகளை அதில் போடாமல், முனைகளை மூடிக் கைப்பையில் எடுத்து வர வேண்டும். 100 வாட் மணி வரை உள்ளவற்றுக்கு வழக்கமாகத் தனி அனுமதி தேவையில்லை. உன்னுடையது 36 தான்.

அன்புடன்,
அப்பா