ஆடத் தெரியாதவர்களும் பார்க்க வேண்டும்

மதுரை

அன்புள்ள கார்த்தி,

அமெரிக்காவில் நீங்கள் நடத்தும் பூல் போட்டிகளுக்கு ஸ்பான்சர் கேட்டு நீ எழுதி அனுப்பிய திட்டத்தைப் படித்துவிட்டேன். எழுத்து சுத்தம், படங்கள் அழகு. ஆனால் விளம்பரம் கொடுக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து படித்தால் பணம் கொடுக்கத் தோன்றவில்லை ராசா. போனில் சொன்னால் நடுவில் புகுந்து வாதம் பண்ணுவாய். அதனால்தான் கடிதம்.

நாளிதழ் விளம்பரப் பிரிவில் பத்திக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கில் இடம் விற்று உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஜவுளிக்கடை முதலாளி எதைப் பார்த்துச் செக்கில் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும். பூல், அதுதான் க்யூ என்ற நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளை டேபிளின் குழிகளில் தள்ளுகிற ஆட்டம், உன் புண்ணியத்தில் வந்து சேர்ந்தது. நீ இந்த வேலைக்குப் போனதிலிருந்து யூடியூபில் பார்த்துப் பார்த்து, இப்போது யார் எங்கே தவறவிடப்போகிறார் என்று உன் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவர் இன்னும் கேரம் போர்டை விட்டு நகரவில்லை.

உன் திட்டத்தின் முதல் பக்கங்கள் முழுக்க ஆட்டம் எவ்வளவு கடினம், வீரர்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்றே போகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூலில் ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவுக்குப் பார்ப்பவருக்குச் சப்பென்று இருக்கும். வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் அடுத்த பந்துக்குத் தோதான இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. இதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று தோன்றும். எதிராளி பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஆட்டம் தெரிந்தவர் வாயைப் பிளந்து பார்க்கிற நேரத்தில் தெரியாதவர் சேனலை மாற்றிவிடுவார்.

அதனால் முதல் செலவு வர்ணனைக்கு. ஷாட்டுக்கு முன்பே, "வெள்ளைப் பந்து இந்த இடத்தைத் தாண்டிப் போனால் ஆறாம் பந்து மறைந்துவிடும்" என்று ஒருவர் சொல்லி, திரையில் அந்த இடத்தை வட்டம் போட்டுக் காட்டட்டும். சாதாரண ஷாட்டுக்கும் ஒரு பதைப்பு வந்துவிடும். நீங்கள் ஒளிபரப்பிய போன மாதப் போட்டியில் வர்ணனையாளர்கள் இரண்டு பேரும் தங்கள் இளமைக் காலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நானே சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

அடுத்து, நீ பெருமையாகப் போட்டிருக்கும் இரண்டரை லட்சம் பேர். அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனில் ஏறக்குறைய அவ்வளவு உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பது சரிதான். டெரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரண்டு தொழில்முறை வீரர்கள் 1979ல் தொடங்கிய லீக், இன்று அவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. வாரம் ஒரு ராத்திரி காசு கட்டி ஆடுகிறார்கள், லாஸ் வேகாஸில் நடக்கும் லீக் போட்டி வரை வருகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் உன் ரசிகர்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் எந்த விளம்பர மேனேஜரும் முதலில் பிடிப்பார். அவர்கள் பெரும்பாலும் பாரில் இருக்கும் 7 அடி டேபிளில், திறமை குறைந்தவருக்குச் சலுகை தரும் ஹேண்டிகேப் வைத்து ஆடுகிறவர்கள். உன் வீரர்கள் ஆடுவது 9 அடி டேபிளில், சலுகை எதுவும் இல்லாமல். பார்க்கிறவருக்கு அது தன் ஆட்டமாகவே தெரிவதில்லை. போதாததற்கு, உன் போட்டி நடக்கிற அதே ராத்திரி அவர் எங்கேயோ ஒரு பாரில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். லீக் இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டியை வை. ஒரு பெரிய வீரரை 7 அடி டேபிளில், ஹேண்டிகேப் கொடுத்து, அந்த ஊர்க்காரர்களோடு ஆடவிட்டு அதைப் படம் பிடி. தன் டேபிளில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தவன்தான் 9 அடி டேபிளில் அவரைத் தேடி வருவான்.

இப்போது யாரிடம் பணம் கேட்கிறாய் என்பதற்கு வருகிறேன். உன் பட்டியலில் க்யூ செய்கிறவர்கள், துணி நெய்கிறவர்கள், பந்து செய்கிறவர்கள், டேபிள் செய்கிறவர்கள். பிரிடேட்டர், சிமோனிஸ், அராமித், டயமண்ட் என்று எல்லாம் நல்ல பெயர்கள்தான். சிமோனிஸ் 1680லிருந்து துணி நெய்கிறது என்று படித்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் இவர்கள் ஆடுகிறவருக்கு விற்கிறவர்கள். ஆடுகிறவர் எண்ணிக்கை ஒரு அளவோடு நின்றுவிட்டால் அவர்கள் பட்ஜெட்டும் அங்கேயே நின்றுவிடும். வங்கியும் போன் கம்பெனியும் காப்பீட்டுக்காரரும் வர வேண்டுமென்றால், வாழ்நாளில் க்யூவைத் தொடாதவர்கள் உன் போட்டியைப் பார்க்க வேண்டும். உன் திட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்படிப்பட்டவர்கள் எப்போது பார்த்தார்கள்? பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள். அங்கே தெருவோரத்தில்கூட டேபிள் போட்டு ஆடுகிறார்கள். அங்கிருந்து வந்த எஃப்ரன் ரேயஸ் 1999ல் கார்டிஃபில் உலகப் பட்டம் வென்றபோது, ஆட்டத்தின் விதி தெரியாதவர்களுக்கும் அவர் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். 'பாதா', அதாவது பொடியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1996ல் ஹாங்காங்கில் அமெரிக்க வீரர் எர்ல் ஸ்டிரிக்லாண்டோடு, முதலில் 120 ராக், அதாவது 120 தனி ஆட்டம், ஜெயிக்கிறவருக்கு என்று ஆடிய அந்த ஒரு லட்சம் டாலர் ஆட்டத்தைத் தேடிப் பார். 120க்கு 117 என்று ரேயஸ் ஜெயித்தார். ரேயஸ் கூச்சத்தோடு சிரிக்கிறவர், ஸ்டிரிக்லாண்ட் கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். யார் பக்கம் நிற்பது என்று எனக்கு முதல் ராக்கிலேயே முடிவாகிவிட்டது. பின்னால் நைன் பால் என்ற பூல் வகையின் ஆசியச் சுற்றுக்கு சான் மிகல் பீர் கம்பெனி பெயர் கொடுத்தது. பீர் கம்பெனிக்கு க்யூ விற்க வேண்டிய அவசியம் இல்லை பார்.

அமெரிக்காவிலும் 1990களில் பெண்கள் போட்டிகள் ஈஎஸ்பிஎன்னில் வந்தபோது, கறுப்பு உடையோடும் 'பிளாக் விடோ' என்ற பட்டப் பெயரோடும் வந்த ஜெனட் லீயைப் பூல் தெரியாதவர்களும் அடையாளம் கண்டார்கள். முதுகெலும்பு வளைவால் வலியோடு ஆடியவர் அவர். பூலுக்கு உறவான ஸ்னூக்கரும் இங்கிலாந்தில் இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. 1969ல் பிபிசி 2 கலர் டிவிக்கு ஏற்ற நிகழ்ச்சி என்று அதைப் போட ஆரம்பித்தது, அதே முகங்கள் வாராவாரம் வந்தன. 1985 உலக இறுதி ஆட்டத்தின் கடைசிக் கறுப்புப் பந்தை நள்ளிரவு தாண்டி 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்தார்கள். நம் ஊட்டி கிளப்பில் 1882ல் விதி எழுதி மாட்டிய ஆட்டம் அங்கே போய் அப்படிப் பிழைத்தது. ஊட்டிக்கு அதில் பத்து பைசா வரவில்லை என்பது வேறு விஷயம்.

உன் ஆட்டத்தில் இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஆள், விளையாட்டுப் போட்டிகள் நடத்துவதையே தொழிலாக வைத்த இங்கிலாந்துக்காரர் பேரி ஹெர்ன். 1994ல் இங்கிலாந்தின் ரோம்ஃபர்டில் மஸ்கோனி கோப்பையை ஆரம்பித்தார், ஐரோப்பாவுக்கு எதிராக அமெரிக்கா. தனி ஆளாக ஆடுகிற ஆட்டத்தை அணியாக மாற்றினார், ஒவ்வொரு ஆட்டத்தையும் சின்னதாக்கினார், ஷாட்டுக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைத்தார். எல்லாவற்றையும்விட, கூட்டத்தைக் கத்தவிட்டார். மற்ற போட்டிகளில் ஒருவர் இருமினால்கூட வீரர் நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே பாட்டும் கூச்சலுமாக இருக்கிறது, கைநடுங்கி எளிய பந்தைத் தவறவிடும் உலக சாம்பியன்களைப் பார்க்க முடிகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. 2024ல் மணிலாவில் ரேயஸ் பெயரிலேயே ஆசியா, ஐரோப்பா மோதும் கோப்பையையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆசியா ஜெயித்தது. அதே ஹெர்ன் டார்ட்ஸை எங்கே கொண்டுபோனார் பார்: 2024 தொடக்கத்தில் 16 வயது லூக் லிட்லர் ஆடிய இறுதி ஆட்டத்தை ஸ்கை டிவியில் 37 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அம்பு எறியத் தெரிந்தவர்கள் மட்டுமா பார்த்திருப்பார்கள்?

ஆனால் நீ அமெரிக்காவில் விற்கிறாய். அங்கே ஒரு சிக்கல். 2010 முதல் 2024 வரை மஸ்கோனி கோப்பையை அமெரிக்கா வென்றது 2018, 2019 இரண்டு தடவைதான். தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு யார் பணம் போடுவார் என்று உன் முதலாளி கேட்பார். தோற்கிற அணிக்கும் ரசிகன் இருப்பான், யார் தோற்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால். ஷேன் வான் போனிங்கைப் பார். தெற்கு டகோட்டாக்காரர், பிறவியிலிருந்தே காது கேட்காமல் கருவி வைத்திருப்பவர், அம்மாவும் பூல் ஆடிய குடும்பம், யூஎஸ் ஓப்பன் 5 தடவை, 2022ல் உலகப் பட்டம். அவரைப் பற்றி உன் திட்டத்தில் வென்ற பட்டங்களின் பட்டியல்தான் இருக்கிறது. காதுக்கருவி விற்கிற கம்பெனிகளில் எத்தனை பேரிடம் பேசினாய்? ஃபெடோர் கோர்ஸ்ட் ரஷ்யாவில் பிறந்து, ஐரோப்பிய அணிக்கு ஆடி, பிறகு அமெரிக்க அணிக்கு வந்தவர். 2024ல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் 15க்கு 14 என்று கடைசி ராக்கில் உலகப் பட்டம் வாங்கினார். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்களுக்குப் பணம் அனுப்பும் சேவை நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் ஏது? ஒரு முகத்துக்கு ஒரு வியாபாரம் என்று யோசி. எல்லாரிடமும் ஒரே திட்டத்தைக் கொண்டுபோகாதே.

வீரர்கள் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர் போடுவது மாதிரி சின்னச் சின்னச் சின்னங்களாக ஒட்டியிருக்கிறது. எதையும் படிக்க முடியவில்லை. கேமரா மேலிருந்து டேபிளைத்தான் அதிக நேரம் காட்டுகிறது, எனவே துணியின் மேல் ஒரே ஒரு பெயர், சட்டையில் பெரியதாக இரண்டு. விலையைக் கூட்டி இடத்தைக் குறை. எங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்துத் தலைப்பின் இரண்டு காதிலும், அதாவது இரு ஓரத்திலும், போடும் குட்டி விளம்பரத்துக்கு வரிசையில் நிற்பார்கள். இரண்டே இரண்டு இடம்தான் என்பதுதான் அதன் மதிப்பு.

பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். போடு, ஆனால் பணம் வங்கியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. 2006ல் அமெரிக்காவின் ரீனோவில் ஐபிடி (இன்டர்நேஷனல் பூல் டூர்) நடத்திய போட்டியில் ரேயஸுக்கு முதல் பரிசு 5 லட்சம் டாலர் என்று உலகமெல்லாம் செய்தி. டிவியில் நீள நீள விளம்பரம் போட்டுப் பொருள் விற்றுப் பெயர் வாங்கிய கெவின் டிரூடோ நடத்தியது அது. போட்டி முடிந்ததும் உடனே கொடுக்கப் பணமில்லை, தவணையில் தருகிறோம் என்றார்கள். அதோடு அந்தச் சுற்றே படுத்துவிட்டது. எந்த ஸ்பான்சரும் கூகிளில் தேடினால் இது வரும். ஆகவே பரிசுப் பணம் தனிக் கணக்கில் முன்கூட்டியே போடப்படும் என்று ஒரு வரி சேர். அந்த வரி உன் படங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் விற்கும்.

சவூதிக்காரர்களோடு, ஜெட்டாவில் உலகப் போட்டிக்கு 10 வருட ஒப்பந்தம், மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், வெல்பவருக்கு இரண்டரை லட்சம். வீரர்களுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கையை நம்பினால் அந்தக் கை மடங்குகிற நாளில் கஷ்டம். 1990களில் ஆண்கள் பூல் கேமல் சிகரெட்டை நம்பி இருந்தது. சிகரெட் விளம்பரத்துக்குக் கெடுபிடி வந்ததும் அந்தப் பணம் போய்விட்டது. தீபாவளி ஜவுளி விளம்பரத்தை மட்டும் நம்பிய எங்கள் கிளை அலுவலகங்கள் கார்த்திகை மாதத்தில் எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும்.

அதனால் சின்ன ஸ்பான்சர்களை விட்டுவிடாதே. போட்டி நடக்கிற ஊரின் பல் டாக்டர், பழைய கார் விற்பவர், பீட்சா கடைக்காரர் இவர்களெல்லாம் அந்த ஊர் லீக்கில் ஆடிக்கொண்டிருப்பார்கள். முதல் சுற்றுகளை இலவசமாகக் காட்டு, கட்டணத்தைக் கடைசி நாளுக்கு மட்டும் வை. ஆள் இல்லாத ஒளிபரப்புக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? அப்புறம், போட்டி முடிந்த வாரமே ஒவ்வொருவருக்கும் அவர்கள் பெயர் திரையில் தெரிந்த காட்சிகளை வெட்டி அனுப்பு. நாங்கள் வவுச்சர் காப்பி என்போம். விளம்பரம் வந்த பக்கத்தை மடித்துக் கவரில் போட்டு, பில்லுக்கு முன்னால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுத்த வருட ஆர்டர் பாதி அங்கேயே உறுதியாகிவிடும்.

திருத்தி எழுதி அனுப்பு. பணம் கேட்கிற பக்கத்தை முதலில் அனுப்பு, நான் பார்த்த பிறகு படம் ஒட்டலாம். அப்பா விசாரித்தார். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா